மூச்சுக்காரர்

— பாஸ்வேர்ட போடுக்கா. நாலு மணி ஆச்சுன்னா காலேஜ்ல சர்வர் ரூம பூட்டிட்டுப் போயிடுவாங்க.

— பஸ்ஸ விட்டு இறங்கி பையக் கூட இன்னும் கீழ வைக்கல. நாலு மாசம் கழிச்சு அக்கா வந்திருக்கா, மாமா எப்படி இருக்கார், முதுகு ஆபரேஷன் என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உனக்கு?

— நேத்து போன்லயே கேட்டேனே. நடக்க ஆரம்பிச்சுட்டார்னு சொன்னியே.

— சொன்னேன். இருந்தாலும் நேர்ல ஒரு தடவ கேக்கறது தான் மனுஷத்தன்மை.

— சரி. மாமா எப்படி இருக்கார்?

— நடக்க ஆரம்பிச்சுட்டார்.

— நல்லது. பாஸ்வேர்ட போடு.

— எதுக்குன்னு சொல்லு, போடறேன். கண்ண மூடிட்டு கையெழுத்துப் போட்டு நம்ம வீட்ல யாரும் உருப்பட்டதில்ல.

— பழைய விண்டோஸ்ல ஓடற நம்ம பேசும் பலகைய சர்வர்லேர்ந்து எடுத்துடறோம். முடிஞ்சுச்சு கதை. சர்வர்ல நமக்கு இடம் குடுத்த காலேஜ்காரங்க, இடம் பத்தலன்னு மூணு மெயில் போட்டுட்டாங்க. இனிமே புது விண்டோஸ், மேக், லினக்ஸ், மூணே மூணு தான். என் பாஸ்வேர்ட காலைலயே போட்டாச்சு. எதயாவது அழிக்கணும்னா ரெண்டு பேரும் போட்டா தான் அழியும்னு சட்டம் வச்சவ நீ. அதான் காத்திருக்கேன்.

— அழிச்சுட்டு, நாளைக்கே வேணும்னு வந்தா?

— வராதுக்கா. அத செஞ்ச மெஷின் போன மாசமே செத்துப் போச்சு. சர்வர்ல இருக்கறது தான் கடைசிப் பிரதி.

— அப்ப பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்கறவங்க எத வச்சுப் பேசுவாங்க? வாய் போனவங்கடா. படத்தத் தொட்டா நமக்காக இது பேசும்னு நம்பி உக்காந்திருக்கறவங்க.

— அப்படி ஒருத்தரும் இல்ல. நானா முடிவெடுத்தேன்னு நினைக்காத, எல்லாரையும் கேட்டு தான் செய்யறேன். ஒன்றரை மாசம் வாக்கெடுப்பு வச்சேன். நீங்க எந்த சிஸ்டத்துல பலகை வச்சிருக்கீங்கன்னு ஒரே ஒரு கேள்வி. நாலு படம். ஒண்ணத் தொட்டா போதும். ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல பதில் சொல்லியிருக்காங்க. இந்தா, நீயே பாரு. புது விண்டோஸ் எழுநூத்தி சொச்சம். மேக் இருநூத்தி பத்து. லினக்ஸ் முன்னூத்துக்குப் பக்கம். பழைய விண்டோஸ் எவ்வளவு, வாய் விட்டுப் படி.

— முட்டை.

— முட்டை. அம்பது வந்திருந்தா இந்தப் பேச்சே எடுத்திருக்க மாட்டேன். அஞ்சு வந்திருந்தா கூட உன்ன கேட்டுட்டு யோசிச்சிருப்பேன். முட்டைக்கு என்ன பண்ணச் சொல்ற?

— ஆயிரத்து இருநூறு பேர்ல கை தவறித் தொட்டவங்க கூடவா இல்ல?

— இல்ல. அவ்வளவு சுத்தமா மாறிட்டாங்க சனங்க. மாறாதது நீயும் நானும் தான்.

— போன் அடிக்குது பாரு.

— நான் எடுக்கறேன். ஹலோ. ஹலோ, பலகை ஆபீஸ். சொல்லுங்க... யாருங்க பேசறது?... ஹலோ... சரிதான். வச்சாச்சு. நாப்பத்தி மூணு.

— என்ன நாப்பத்தி மூணு? செவுத்துல என்னடா கோடு போடற?

— மூச்சுக்காரர். நீ ஊருக்குப் போனப்புறம் முளைச்ச ஆளு. போன் பண்ணுவார், பேச மாட்டார். மூச்சு விடறது மட்டும் கேக்கும். நடுவுல டக்குனு ஏதோ சத்தம். நாலு தடவ ஹலோ சொல்லிப் பாத்துட்டு வச்சுடுவேன். கம்ப்ளெயிண்ட் குடுத்தப்ப, எத்தன தடவ வருதுன்னு குறிச்சு வைங்கன்னாங்க. அதான் காலண்டர் பக்கத்துல கோடு.

— நம்பரப் பாத்து நீ திருப்பிக் கூப்பிட வேண்டியது தானே?

— இந்த டப்பா போன்ல நம்பர் எங்க தெரியுது?

— எல்லாம் ஒரே ஆள் தானா?

— பின்ன, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் இதே வேலையா? ஆளு நல்லா ஊர் சுத்தறார். ஒரு நாள் பின்னாடி ரயில் போகும். ஒரு நாள் குக்கர் விசிலடிக்கும். ஒரு நாள் இரும்பக் கடையற மாதிரி கிர்ருனு ஒரு சத்தம். போன வாரம் குழந்தை அழுதுச்சு. குடும்பஸ்தர் போல, பாவம். வேல வெட்டி இல்லாத குடும்பஸ்தர்.

— சார், டெலிபோன் கம்ப்ளெயிண்ட் குடுத்தது இங்க தானுங்களா? படி ஏறறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுச்சு.

— வாங்க லைன்மேன். மாசக்கணக்கா உங்களத் தான் தேடிட்டிருக்கேன். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி கூட வந்துச்சு. இதோ, இந்த போன் தான். வயர் ஜன்னல் வழியா வருது பாருங்க.

— பாத்துடுவோம் சார். சொன்னா நம்ப மாட்டீங்க, போன மாசம் ஒரு வீட்ல இப்படித் தான், பேய் பேசுதுன்னாங்க. போய்ப் பாத்தா வயர எலி கடிச்சிருக்கு. நீங்க உங்க வேலையப் பாருங்க மேடம், நான் ஒரு ஓரமா இருந்துக்கறேன்.

— தம்பி, லேத்துக்காரர் எங்க?

— எந்த லேத்துக்காரர்?

— தெரியாத மாதிரி கேக்காத. லேத்துப் பட்டறை வச்சிருக்கறவர், தொண்டைல ஆபரேஷன் பண்ணி குரல் போனவர். எழுத்து படிக்க வராது, படத்தப் பாத்து தான் பேசுவார். வாராவாரம் போன் பண்ணி பலகையப் பேச விடுவாரே. 'பொத்தான். சின்னது. விரல். பெரிசு.' அவர் சொல்லித் தானே பொத்தானப் பெரிசாக்கினோம். எந்த கம்ப்யூட்டர்ல திறந்தாலும் பலகை ஒரே மாதிரி இருக்கணும்னு முதல்ல கேட்ட ஆளே அவர் தான். தன் வீட்ல ஒரு மாதிரி, பொண்ணு வீட்ல வேற மாதிரி இருந்தா கை தடுமாறுதுன்னு. அவர் பழைய விண்டோஸ்ல இருந்தவர். அவர் ஓட்டு எங்க?

— மாறியிருப்பார்.

— மாறினேன்னு சொன்னாரா?

— பிப்ரவரில ஒரு தடவ கூப்பிட்டார். அதுக்கப்புறம் கூப்பிடல.

— நீ என்ன சொன்ன அவர்கிட்ட?

— ஒண்ணும் சொல்லல.

— தம்பி.

— கத்திட்டேன்க்கா. மூணு நாளா தூக்கமில்ல அப்ப. பகல்ல பேங்க் வேலை, சாயங்காலத்துக்கு மேல இது. நீயும் ஊர்ல இல்ல. லினக்ஸ்ல ஒண்ணச் சரி பண்ணா மேக்ல கெடுது, மேக்ல சரி பண்ணா பழைய விண்டோஸ்ல கெடுது. இங்க தச்சா அங்க கிழியுது. அந்த நேரம் பாத்து அவர் போன் பண்ணி, 'குரல். மெதுவா. குரல். மெதுவா'ன்னு பலகையப் பத்து தடவ பேச விடறார். எல்லாரும் புது மெஷினுக்குப் போயாச்சு, உங்க ஒருத்தருக்காக என் உயிர விட முடியாது, மாத்துங்க, இல்லன்னா விடுங்கன்னு சொல்லிட்டேன்.

— அவர் என்ன சொன்னார்?

— அப்புறம் ஏதோ ஒரு படத்தத் தொட்டார். 'நன்றி'ன்னு சொல்லுச்சு. வச்சுட்டார்.

— அத எங்கிட்ட சொல்லவே இல்ல நீ.

— மாமா ஐசியூல இருந்தார். அப்ப போய் இத என்னன்னு சொல்றது?

— அப்பா கேட்டிருந்தா பலகைய உன் தலையிலயே போட்டிருப்பார்.

— அப்பாவ இழுக்காதக்கா. அவருக்குன்னு ஆரம்பிச்சது நான் தான். அவருக்கு பக்கவாதம் வந்து வாய் போனப்ப மூணே வாரத்துல எழுதிக் குடுத்தேன். அவர் ஒருத்தருக்குன்னு எழுதினது ஆயிரத்து இருநூறு பேராச்சு. நீ ஊரக் கூட்டின. நல்லதுன்னு தான் கூட்டின, இல்லங்கல. கூட்டினவங்க ஆளுக்கொரு சிஸ்டத்தத் தூக்கிட்டு வந்தாங்க. பானை ஒண்ணு, அடுப்பு நாலுன்னா எவ்வளவு நாள் ஊதறது நான்?

— மேடம், தப்பா நினைக்காதீங்க. காதுல விழுந்துச்சு. இங்க என்ன தொழிலுங்க பண்றீங்க?

— தொழில்லாம் இல்லங்க, சும்மா குடுக்கறோம். பேச முடியாதவங்களுக்கு கம்ப்யூட்டர்ல ஒரு பலகை. தண்ணி, வலி, பசி, வெளியில போகணும்னு படம் படமா இருக்கும். எழுத்தும் இருக்கும். தொட்டா அது வாய் விட்டுச் சொல்லும்.

— நல்ல காரியம். அப்ப பேச முடியாதவங்களுக்கான ஆபீஸ். அவங்களுக்கு டெலிபோன் எதுக்குங்க?

— பலகைகிட்ட ரிசீவர வச்சுட்டு படத்தத் தொட்டா, நாம பேசறா மாதிரியே கேக்கும்.

— ஓ. பலகை கெட்டுப் போச்சுன்னா?

— அதுக்கு வேற வழி இருக்குங்க. பலகைக்குள்ளயே 'குறை சொல்ல'ன்னு ஒரு பொத்தான் வச்சிருக்கேன். அத அமுக்கினா எனக்கு வந்துடும்.

— பலகையே கெட்டுப் போச்சுன்னா, சார்?

— லைன்மேன், நீங்க வயரப் பாருங்க.

— பாத்துட்டேன் சார். லைன் பால் மாதிரி இருக்கு. எலியும் இல்ல, பேயும் இல்ல.

— அப்ப அந்த டக்கு டக்கு சத்தம்? தட்டும், நிக்கும், மறுபடி தட்டும்.

— அது அந்தப் பக்கத்துலேர்ந்து வருது. சொன்னா நம்ப மாட்டீங்க, இருபத்தெட்டு வருஷமா லைன் கேக்கறேன். கோளாறு தட்டினா ஒழுங்கு இருக்காது, கரகரன்னு அது பாட்டுக்கு தட்டும். நீங்க சொல்றதப் பாத்தா தட்டிட்டு நிறுத்துது, காத்திருக்குது, மறுபடி தட்டுது. மனுஷன் தான் பதிலுக்குக் காத்திருப்பான்.

— எவனோ விளையாடறான். லைன வெட்டிடுங்க. இப்ப யாரு லேண்ட்லைன் வச்சிருக்கா?

— வெட்டறதுக்கு ஒரு ஃபார்ம் இருக்கு சார். கையெழுத்து வேணும். கீழ வண்டில இருக்கு, எடுத்துட்டு வரேன்.

— தம்பி, அப்பா மெஷின் எங்க?

— டேபிளுக்கு அடியில. எதுக்கு?

— அது பழைய விண்டோஸ் தானே. புதுசா ஒண்ணு எழுதினா, வெளியில அனுப்பறதுக்கு முன்னாடி அதுல ஓட்டிப் பாப்பியே.

— பாப்பேன்.

— கடைசியா எப்ப பாத்த?

— பிப்ரவரி.

— இப்ப ஜூன்.

— அதோட மானிட்டர நான் எடுத்துக்கிட்டேன்க்கா. ரெண்டு மானிட்டர் இருந்தா வேலை சீக்கிரம் ஆகுதுன்னு. மெஷின் அங்க சும்மா தான் கிடக்கு. கோவிச்சுக்காத. பழைய சிஸ்டத்த எப்படியும் விடப்போறோம்னு தோணிடுச்சு, அப்புறம் அத எடுத்து வைக்கக் கை வரல.

— விடறதா வேண்டாமான்னு ஓட்டு போடறதுக்கு முன்னாடியே தோணிடுச்சா?

— மணி மூணு ஆகுதுக்கா.

— ஆகட்டும். மானிட்டரக் கழட்டு. இத மாட்டிக் காட்டு. ஓடலன்னா நானே பாஸ்வேர்ட போட்டுட்டுப் போறேன். ஓடினாலும் போடறேன். பாக்காம மட்டும் போட மாட்டேன்.

— சரி, நகரு. அந்தத் துணியக் குடு. எவ்வளவு தூசி. நெட் வயர் இந்தப் பக்கம்... ஆங். போட்டாச்சு.

— அப்பா ஸ்பெக்ஸ் துடைக்கற துணி இது.

— தெரியும்.

— கடைசியா இதுல அவர் என்ன சொன்னார்னு ஞாபகமிருக்கா?

— 'ஃபேனக் கொறை.' எல்லாரும் அழுதுக்கிட்டு நிக்கறோம், அவருக்கு ஃபேன் பிரச்சினை.

— குளிரியிருக்கும்டா அவருக்கு. அந்த வார்த்தைய அவரால சொல்ல முடிஞ்சுச்சுல்ல. நான் எழுந்து போய்க் கொறைச்சேன். அது போதும் எனக்கு.

— இந்தா, வந்துடுச்சு. பாத்தியா. பலகை தானா திறக்குது. கேளு.

— 'வணக்கம்'னு சொல்லுது. அதே குரல்.

— சொன்னேன்ல, எந்தக் குறையும் இல்ல. பிப்ரவரில நிறுத்தினது, நல்லா தான் இருக்கு. தண்ணிய தொட்டுப் பாரு.

— 'தண்ணி வேணும்'. சரி. அடியில என்ன பச்சையா கோடு ஓடுது?

— நெட் கிடைச்சுதுல்ல, புதுசு எறங்குது. அதுவா எறங்கி, அதுவா பழசு மேல உக்காந்துக்கும். யாரும் ஒண்ணும் அமுக்க வேண்டாம். மார்ச்சுல வந்த பதிப்பு. மூடித் திறக்கும் பாரு.

— மூடிடுச்சு.

— திறக்கும்.

— திறக்கலடா.

— பழைய மெஷின், மெதுவா தான்... இரு, நான் தொடறேன். ஒரு கட்டம் வந்துச்சே. பாத்தியா?

— வந்துச்சு, போயிடுச்சு. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள.

— மறுபடி... மறுபடி வந்து போகுது. ஐயோ.

— என்னடா?

— குரல். மார்ச்சுல குரல மாத்தினேன். தெளிவான குரல் வேணும்னு எல்லாரும் கேட்டாங்க. அந்தப் புதுக் குரல் பழைய விண்டோஸ்ல இல்ல. முதல்ல குரல் எங்கன்னு தேடுது, கிடைக்கலன்னதும் மூடிக்குது.

— மூடிக்கும்போது ஒரு வார்த்தை எழுதிக் காட்டாதா? இது இது இல்லன்னு?

— முன்னாடி காட்டும். செவப்பு எழுத்துல வந்தா பயமா இருக்குன்னு நெறைய பேர் எழுதினாங்க. எடுத்துடுங்கன்னாங்க. அதான், சத்தமில்லாம மூடிக்கற மாதிரி மாத்தினேன்.

— சத்தமில்லாம.

— அவங்க கேட்டதத் தான்க்கா செஞ்சேன். கேட்டவங்க கேட்டத எல்லாம் செஞ்சேன்.

— தம்பி, இங்க பாரு. என் முகத்தப் பாரு. அந்த வாக்கெடுப்பு, நாலு படம். அத எங்க போட்ட?

— எங்கன்னா? பலகைல தான். திறந்த உடனே முதல்ல அது தான் வரும். எல்லாரும் பாக்கணும்னு...

— திறந்த உடனே.

— அக்கா.

— திறக்காதவங்க எப்படிடா ஓட்டுப் போடுவாங்க?

— அப்ப... அதான் முட்டை.

— உக்காரு. முதல்ல உக்காரு. தண்ணி குடி.

— நாலு மாசம்க்கா. அன்னிக்கு நாம நன்கொடையா வந்த பழைய கம்ப்யூட்டர்கள்ல பலகையப் போட்டுக் குடுத்தோமே, முன்னூறு. எல்லாம் பழைய விண்டோஸ். எல்லாத்துலயும் புதுப் பதிப்பு தானா போய் உக்காந்திருக்கும். மார்ச்சுல, ஒரே வாரத்துல.

— யாருமே சொல்லலையா உங்கிட்ட? ஒருத்தர் கூடவா?

— ஏப்ரல்ல ஒரு அம்மா கூப்பிட்டாங்க. மகனோட பலகை திறக்கலன்னு. அணைச்சு அணைச்சுப் போடுங்கன்னேன். போட்டேன்னாங்க. பழைய மெஷின்னா அப்படித் தான், மாத்திடுங்கன்னேன். 'குறை சொல்ல' பொத்தான்ல வராதத நான் எழுதி வைக்கறதில்லக்கா. நாலு இடத்துல எழுதி வச்சா குழப்பமாயிடும்னு அது ஒரு ஒழுங்கு. எழுதி வைக்கல.

— அந்த அம்மாவுக்கு ஒரு மகன். மகனுக்குப் பேச ஒரு அம்மா இருந்தா. தனியா இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?

— மத்தவங்க பொத்தான அமுக்கியிருக்கலாம்னு நினைச்சேன். முட்டாள். எந்தப் பொத்தான? நான் முட்டாள்க்கா.

— மேடம், ஃபார்ம் கொண்டாந்துட்டேன். இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டு கையெழுத்து. சாருக்கு உடம்பு சரியில்லையா?

— ஒண்ணுமில்லங்க. கொஞ்ச நேரம் உக்காருங்க.

— போன் அடிக்குது சார்.

— விடுங்க. அவர் தான். இன்னொரு கோடு போட இப்ப எனக்குத் தெம்பில்ல.

— நான் எடுக்கறேன்.

— வேண்டாம்க்கா, அந்த ஆளுகிட்ட இப்ப போய்...

— ஹலோ. பலகை ஆபீஸ்... ஹலோ... வைக்காதீங்க. கேக்குது. நீங்க தட்டினது கேக்குதுங்க. நீங்க பேச வேண்டாம், நான் கேக்கறேன். ஆமான்னா ஒண்ணு. இல்லன்னா ரெண்டு. உங்க பலகை திறக்கலையா?... ஒண்ணு.

— யாருக்கா?

— மார்ச்சிலேர்ந்தா?... ஒண்ணு. வீட்ல கூட யாராவது இருக்காங்களா?... ரெண்டு. யாருமில்ல.

— லேத்துக்காரரான்னு கேளு. அவரா இருந்தா என்கிட்ட குடு.

— லேத்து வச்சிருக்கற ஐயாவா நீங்க?... ரெண்டு. அவர் இல்லடா. அம்மாவா?... ஒண்ணு. அம்மா தான்.

— அவங்களுக்கு எப்படித் தட்டணும்னு யாருக்கா சொல்லிக் குடுத்தது?

— அப்பா மெஷின் தலையில ஒட்டியிருக்கே, அதப் படி.

— இது நம்பர் தானே. முன்னூறு மெஷின்லயும் நான் தானே ஒட்டினேன்.

— ஒட்டின. படிக்கல. இப்பப் படி. நான் எழுதி அச்சடிக்கக் குடுத்தது.

— 'பலகை பேசாவிட்டால் இந்த எண்ணுக்கு போன் செய்யுங்கள். ரிசீவரில் விரலால் தட்டுங்கள். ஆம் என்றால் ஒரு தட்டு. இல்லை என்றால் இரண்டு தட்டு. நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.'... நாப்பத்தி மூணு தடவ வச்சிருக்கேன்க்கா அவங்க போன. வேல வெட்டி இல்லாத ஆளுன்னு சொன்னேன். மன்னிப்பு கேளு. எனக்காக நீ கேளு, எனக்கு வாய் வரல.

— அம்மா, இருக்கீங்களா?... இருக்காங்க. என் தம்பி பக்கத்துல நிக்கறான். தெரியாம வச்சுட்டான். அவனுக்கு இது தெரியணும். இந்த நாலு மாசத்துல நாப்பத்தி மூணு தடவ கூப்பிட்டது நீங்க தானேம்மா?... ரெண்டு.

— ரெண்டா? சரியா கேட்டியா?

— ரெண்டு. சரி, இன்னிக்கு மத்தியானம் கூப்பிட்டது?... ரெண்டு. அப்ப இது தான் முதல் தடவையா?... ஒண்ணு.

— அப்ப அந்த ரயில் சத்தம்... குக்கர்... குழந்தை...

— இரும்பு கடையற சத்தமும். அது லேத்துடா. ஒரே ஆள் இல்லடா, அவரும் கூப்பிட்டிருக்கார்.

— மேடம், நேரமாவுது. லைன வெட்டவா, வேண்டாமா?

— வெட்டாதீங்க. ஃபார்மக் கிழிச்சுப் போடுங்க. தம்பி, காலேஜுக்குப் போன் பண்ணு, பழைய பதிப்பு மேல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லு. சொல்லிட்டு செவுத்துல இன்னொரு கோடு போடு. பழைய சிஸ்டத்துக்கு முட்டையில்லடா, நாப்பத்தி நாலு ஓட்டு. ஒண்ணு விடாம எண்ணி வச்சவனே நீ தான்.